பாடப்புத்தகத்துக்கு முன்னால் ஆட்களைத் தேடுங்கள்

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 9 வயது. ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். மகளுக்கு 5 வயது, யூ.கே.ஜி. ஒரு வருடமாகவே காலையில் எழுந்ததும் மகனுக்கு வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. போர்டைப் பார்த்து அவன் எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்களாம். நோட்டில் பாதிப் பக்கம் காலி. அதற்குத் தினமும் திட்டு. அதே பையன் வீட்டில் சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டுகிறான். ஆச்சி சொன்ன கதையை ஒரு வரி விடாமல் தங்கைக்குத் திருப்பிச் சொல்கிறான்.

பேசாமல் வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். கணவர் தினமும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறார். கேட்டால் 'உன் இஷ்டம்' என்கிறார். அத்தைதான் 'ஊர்ல பள்ளிக்கூடமா இல்ல?' என்று கோபப்படுகிறார்கள். இது சட்டப்படி சரியா? பாடத்தை எங்கே வாங்குவது? பிற்பாடு பத்தாம் வகுப்பு எழுத முடியுமா? எங்கள் ஊரில் இப்படிச் செய்பவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. யாரைப் போய்க் கேட்பேன்? மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஆசையாகத்தான் போகிறாள், அவளையும் சேர்த்தே நிறுத்திவிடலாமா?

பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நான் 22 வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அதன் பிறகு உங்களைப் போன்ற பெற்றோர்களோடு பேசுவதே வேலையாகிவிட்டது. பள்ளி நாட்களில் மட்டும் வரும் வலியை 'நடிக்கிறான்' என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் பயம் வயிற்றில்தான் போய் உட்காரும். அவனுக்கு உண்மையாகவே வலிக்கிறது.

வீட்டுக்கல்வி செய்யலாமா என்று கேட்டீர்கள். செய்யலாம். உங்களால் முடியும் என்றும் நினைக்கிறேன். ஆனால் டி.சி. கேட்டுப் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

காதால் கேட்டதை வரி விடாமல் சொல்கிறான், கை வேலை நன்றாக வருகிறது, போர்டைப் பார்த்து எழுதுவது மட்டும் வரவில்லை. இந்த மூன்றையும் நீங்களே பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டீர்கள், சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். முதலில் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். போர்டு மங்கலாகத் தெரியும் குழந்தைகள் பலர் அதைச் சொல்வதே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். கண் சரியாக இருந்தால், வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் சொன்னால் எங்கே காட்ட வேண்டும் என்று வழி சொல்வார்கள். தனியாரிடம் போவதானால், குழந்தைகளைச் சோதித்து அறிக்கை தரத் தகுதி பெற்ற உளவியலாளரிடம் போங்கள். இந்தக் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகள் கிடைக்கும். பள்ளியில் படித்தாலும் வீட்டில் படித்தாலும் அது உதவும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், காரணம் தெரியாமல் பையனை நிறுத்தினால் அந்தப் பிரச்சினை அவனோடு வீட்டுக்கு வந்துவிடும். ஆறு மாதம் கழித்து உங்கள் சாப்பாட்டு மேசையில் அதே காலி நோட்டு இருக்கும், திட்டுவது மட்டும் நீங்களாக இருப்பீர்கள். அப்படிப் போன தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் பொறுமை இல்லாதவர்கள் இல்லை. குழந்தைக்கு என்ன என்று தெரியாமல் தவித்தவர்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கல்வி கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்கிறது. குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் 10ஆம் பிரிவில் சொல்கிறது. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனையும் அதில் எழுதப்படவில்லை. ஆக, உங்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் அலுவலகம் எதுவும் இல்லை, வழக்குப் போடும் பிரிவும் இல்லை. இந்தியாவில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் எல்லோரும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். 'முழுக்கச் சட்டப்பூர்வம்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், 'போலீஸ் வரும்' என்று பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். டி.சி. கொடுத்ததும் பையனின் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் மாணவர் பதிவு எண், 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுக்காமல் அங்கேயே கிடந்தால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது ஓர் ஆசிரியரோ பயிற்றுநரோ உங்கள் வாசலுக்கு வருவார். அந்தக் கணக்கெடுப்பு குழந்தைத் தொழிலாளர்களையும் குழந்தைத் திருமணத்துக்குத் தள்ளப்படும் பெண்களையும் கண்டுபிடிப்பதற்காக நடப்பது. எனக்கு அதன் மேல் மிகுந்த மரியாதை உண்டு, நானே வெயிலில் தெருத் தெருவாக நடந்திருக்கிறேன். வருபவரை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். பையனைப் பேசச் சொல்லுங்கள். அவன் செய்த வேலைகளைக் காட்டுங்கள். இதற்காகவே ஒரு தடித்த நோட்டுப் போட்டு, தினமும் நாலு வரி எழுதி வையுங்கள்: இன்று என்ன வாசித்தான், என்ன கணக்கு போட்டான், எங்கே போனான், எதைக் கேட்டான். பின்னால் உங்களுக்கே சந்தேகம் வரும் இரவுகளில் அந்த நோட்டுத்தான் தைரியம் தரும்.

இன்னொன்று, உங்களுக்கு நிம்மதியான செய்தி. இதே சட்டத்தின்படி, இடையில் நின்ற குழந்தையைத் தொடக்கக் கல்வி முடியும் வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. வருடத்தின் நடுவில் வந்தாலும், டி.சி. தாமதமானாலும் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால் நவம்பரிலும் நீங்கள் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்து தொடங்குகிறவர்கள் பதற்றமில்லாமல் தொடங்குகிறார்கள்.

அதனால் இப்போதே நிறுத்த வேண்டாம். முழு ஆண்டுத் தேர்வு வரை போகட்டும். ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, எழுதி முடியாத பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பல ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். கோடை விடுமுறையை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிறப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். யாரைப் போய்க் கேட்பேன் என்று எழுதினீர்கள். வீட்டுக்கல்வி பற்றி எனக்கு எழுதுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் பாடத்திட்டத்தைக் கேட்பார்கள். எந்தப் புத்தகம், எந்த ஆப், மாதம் எவ்வளவு. நீங்கள் ஆளைக் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. வீட்டுக்கல்வியைப் பாதியில் விட்ட குடும்பங்களில் நான் பார்த்தவரை, பாடம் தெரியாமல் விட்டவர்கள் குறைவு. பேச ஆளில்லாமல், பிள்ளைக்கு விளையாடத் துணையில்லாமல் விட்டவர்களே அதிகம்.

வீட்டுக்கல்விக் குடும்பங்களைத் தேடுவதானால், இந்திய அளவில் 'ஸ்வசிக்ஷண்' என்ற பெற்றோர் அமைப்பு இருக்கிறது. அதன் வழியாகத் தமிழ்நாட்டுக் குடும்பங்களோடு தொடர்பு கிடைக்கும். சென்னை, கோவை, திருவண்ணாமலை, ஆரோவில் பக்கம் ஆட்கள் அதிகம். நெல்லைக்கு அருகில் ஒரே ஒரு குடும்பம் கிடைத்தாலும் போதும், வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுங்கள், லீவில் போய் ஒருநாள் தங்கிவிட்டு வாருங்கள். அவர்கள் சமையலறை எப்படி இருக்கிறது, பிள்ளைகள் சண்டை போட்டால் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது, இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் பக்கத்துணை என்பது வீட்டுக்கல்விக் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் மாலை நாலரைக்கு மேல் வீடு திரும்பிவிடுகிறார்கள். சனி ஞாயிறு வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் நட்பெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். அதனால் ஒரு நாளின் வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள்: காலையில் வீட்டு வேலை, பாடம், மாலை முழுவதும் வெளியே. மாலையிலும் அவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு 'தனியாக இருக்கிறான்' என்று வருத்தப்படுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஆளில்லை என்று சொல்லக் கூடாது, சகோதரி. அண்ணா விளையாட்டரங்கில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நீச்சலோ ஹாக்கியோ ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். வாரத்தில் நாலு நாள் அதே பிள்ளைகளைப் பார்த்தாலே நட்பு தானாக வரும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் பற்றி நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியம், பாட்டு, பரதம், சிலம்பம் போன்ற கலைகளை வார இறுதியில் மிகக் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருவார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் கேட்டால் விவரம் கிடைக்கும். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987இலிருந்து இருக்கிறது. சைக்கிள் செயினைக் கழற்றுகிற பையனுக்கு அங்கே ஒருநாள் போதாது. கூட்டமில்லாத வாரநாள் காலையில் கூட்டிப் போங்கள், ஒரே கருவி முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் இழுக்காதீர்கள். கோடையில் என்ன முகாம் நடத்துகிறார்கள் என்றும் அங்கேயே கேட்டு வையுங்கள்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை 1987இலிருந்து நடத்துகிறவர்கள் அவர்கள்தான். துளிர் இல்லம் என்ற பெயரில் பிள்ளைகளைக் கூட்டிச் சோதனைகள் செய்து பார்ப்பார்கள். இயக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பேராசிரியர்கள், வங்கி ஊழியர்கள். ஒரு ஞாயிறு அவர்கள் வேலைக்கு ஒரு கை கொடுத்தீர்கள் என்றால், அப்புறம் பையனுக்கு மின்சாரம் பற்றிச் சொல்லித்தர ஆள் தேட வேண்டியிருக்காது.

நூலகத்துக்கு உறுப்பினர் அட்டை இன்றே எடுங்கள், குழந்தைகள் இருவருக்கும் தனித்தனியாக. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் போங்கள். மாற்றாதீர்கள். மூன்றாவது மாதத்தில் நூலகர் 'தம்பிக்காக எடுத்து வச்சிருக்கேன்' என்று ஒரு புத்தகத்தை நீட்டுவார். ஐந்தாவது மாதத்தில் அதே நேரம் வருகிற இன்னொரு அம்மா உங்களிடம் பேச்சுக் கொடுப்பார். நான் பலமுறை கண்ணால் பார்த்த வரிசை இது.

தொழில் தெரிந்த பெரியவர்களையும் கணக்கில் எடுங்கள். தெருமுனை சைக்கிள் கடைக்காரர், தச்சர், பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர். இப்படி ஒருவரிடம் வாரம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி கேளுங்கள். நீங்களோ வீட்டில் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் 9 வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள்.

இதிலேயே ஓர் எச்சரிக்கை. 'வீட்டுக்கல்வி மையம்' என்று பெயர் வைத்து, காலை ஒன்பது முதல் மூன்று வரை பிள்ளைகளை உட்கார வைத்து, வருடத்துக்குப் பெரிய தொகை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே 2009 சட்டம் சொல்கிறது. பள்ளியின் கட்டணமும் வாங்கிக்கொண்டு பள்ளியின் பொறுப்பு எதையும் ஏற்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதற்கு, நல்ல அரசுப் பள்ளி எவ்வளவோ மேல்.

சரி, வீட்டுக்குள் என்ன செய்வது? முதல் சில வாரங்கள் ஒன்றும் செய்யாதீர்கள். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் என்று வீட்டுக்கல்விக் குடும்பங்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு கறாராக வேண்டாம். ஆனால் பயந்துபோன குழந்தை நோட்டைப் பார்த்ததும் கையை மூடிக்கொள்ளும், அந்தக் கை திறக்க நேரம் கொடுங்கள். அந்த வாரங்களில் தினமும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தமிழில் தொடங்குங்கள், அவன் மனம் ஓடுகிற மொழி அதுதான். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கதையாக, பேச்சாகப் பின்னால் வரட்டும்.

அதன் பிறகும் உட்கார்ந்து படிக்கும் நேரம் ஒன்றரை மணி, மிஞ்சிப் போனால் இரண்டு மணி போதும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு நான் அரை நாளில் முடித்ததை நீங்கள் ஒரு பிள்ளையோடு அரை மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிற பாடத்திட்டப் பெட்டி எதையும் முதல் ஆண்டில் வாங்காதீர்கள்.

உங்கள் அத்தை இருக்கிறார்களே, அவர்கள்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் முதல் ஆசிரியர். 'ஊர்ல பள்ளிக்கூடமா இல்ல' என்கிற கோபம் நியாயமானது. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பாத காலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த தலைமுறை அது. பள்ளிக்கூடம் என்பது போராடிக் கிடைத்த பொருள் அவர்களுக்கு. அதை வேண்டாம் என்று நீங்கள் சொல்வதாக அவர்கள் காதில் விழுகிறது. வாதம் செய்யாதீர்கள், உதவி கேளுங்கள். பரணில் பழைய படியும் உழக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து கொட்டச் சொன்னால், படியில் பாதி அரை, அதில் பாதி கால், அதிலும் பாதி அரைக்கால் என்று அவன் கையாலேயே எட்டில் ஒன்று வந்து நிற்கும். பின்னம் என்ற சொல்லை நீங்கள் எடுக்கவே வேண்டாம். எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதும் அன்றைக்கே வந்துவிடும். நீங்கள் கணிதம் படித்தவர், இதை அங்கிருந்து எங்கே கொண்டு போகலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்குப் பல்லாங்குழி தெரிந்திருந்தால் கூட்டலும் கழித்தலும் மாலை நேர விளையாட்டாகிவிடும். பேரனுக்குத் தானே சொல்லிக்கொடுத்த பிறகு, தெருவில் யாராவது கேட்டால் உங்களுக்காக முதலில் பதில் சொல்பவர் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

கணவரின் 'உன் இஷ்டம்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பையன் எதிலாவது பின்தங்கினால் பழி முழுவதும் உங்கள் தலையில் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை அவருடையது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர் பக்கம்தான். முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, நின்று பார்க்கும்படி 2023இல் திறந்திருக்கிறார்கள். இன்னொரு ஞாயிறு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். வீட்டு வாசல் மரத்திலேயே நாரைகள் கூடு கட்டுகிற ஊர் அது. அப்பாவோடு போய்வந்த கதையைப் பையன் வாயால் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். அதுவே அந்த வார வாசிப்புப் பாடம். அவன் சொன்ன வார்த்தையை அவனே திரும்ப வாசிப்பது, எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு நான் கண்ட நல்ல வழி. உங்கள் தையலுக்கும் நேரம் வேண்டும். இரண்டு மணி நேரம் 'அம்மா வேலை செய்கிறாள்' என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், பையனுக்கும்தான்.

பத்தாம் வகுப்பு பற்றிக் கேட்டீர்கள். அவசரமில்லை, ஐந்து வருடம் இருக்கிறது. ஆனால் வழிகளைத் தெரிந்து வையுங்கள். நம் மாநிலப் பாதை ஒன்று: 12½ வயது முடிந்தால் பள்ளியில் சேராமலே எழுதுகிற, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் உண்டு. அதன் பிறகு பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்து வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டு ஒரு வருடம் இழந்தவர்கள் உண்டு, நாளிதழ் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மற்றொன்று என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், 1989இலிருந்து இருக்கும் மத்திய அரசு அமைப்பு. 14 வயது நிறைந்தால் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஒரு மொழியாவது உள்ளடக்கி ஐந்து பாடம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. ஏப்ரல், அக்டோபர் என வருடத்துக்கு இருமுறை தேர்வு நடக்கும். ஒரே நேரத்தில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை. மெதுவாக எழுதும் பிள்ளைக்கு இது பெரிய வரம். ஓவியம், மனையியல் போன்ற பாடங்களும் இருக்கின்றன. அதற்காகக் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டால் பதினொன்றாம் வகுப்பில் பாதை குறுகிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை இழக்கிறோம் என்பதையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவள் ஆக மாட்டேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இலிருந்து இருக்கிறது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் பிறகு அதை விரிவாக்கினார்கள். கல்லூரி போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்குப் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். வீட்டில் படித்த பிள்ளைக்கு இவை எதுவும் வராது. திறந்தநிலைச் சான்றிதழை எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்கு ஏற்பார்கள் என்ற ஆணைகளும் இடையிடையே மாறுகின்றன, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த இழப்பைப் பார்த்து, எட்டாம் வகுப்பு வயதுக்குள் பையனைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் நிறைய உண்டு. நடுவில் கிடைத்த இரண்டு மூன்று வருடத்தில் பயம் தெளிந்து, வாசிப்பு வந்து, தனக்கு எது வரும் என்று தெரிந்து போகிறான். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள். உங்கள் மகனுக்கு அதுவே சரியான வழியாகக்கூட இருக்கலாம். பரிசோதனை முடிந்து, நல்ல தமிழ்வழி அரசுப் பள்ளி ஒன்றில் புரிந்துகொள்ளும் ஆசிரியர் கிடைத்தால் வீட்டுக்கல்வியே தேவைப்படாமலும் போகலாம். அந்த வழியையும் அடைத்துவிடாதீர்கள், கோடையிலேயே பக்கத்தில் இரண்டு பள்ளிகளைப் போய்ப் பார்த்து வையுங்கள்.

மகளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஆசையாகப் போகிறாள் என்று. அப்படியானால் போகட்டும். அண்ணனுக்கு வேண்டியது வேறு, அவளுக்கு வேண்டியது வேறு. அண்ணன் மட்டும் வீட்டில் இருப்பதைப் பார்த்து ஒருநாள் 'எனக்கும் வேண்டாம்' என்று அடம்பிடிப்பாள். அன்றைக்குப் பதறாதீர்கள். ஒருநாள் வீட்டில் வைத்துக்கொண்டு, படியில் அரிசி அளக்க விட்டுவிட்டு, மறுநாள் கொண்டுபோய் விடுங்கள்.

பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவனுக்கு எழுத்துப் பயிற்சியை எப்படித் தொடங்குவது என்று தனியாகச் சொல்கிறேன்.